மூன்றாவது பெயர்

தெலுக் இந்தான் ஊர்க் கிளினிக்கில் தாதியாக வேலை பார்த்த மஸ்னா, பழைய காஞ்சில் கார் ஒன்றை வாங்கிய கையோடு இன்சூரன்ஸ் எடுக்க சோங்கிடம் போனாள். மீ நூடுல்ஸ் கடையின் மேல்மாடியில் முப்பது வருடமாக ஏஜெண்டாக இருப்பவர் சோங்.

“யார் யார் ஓட்டுவீங்க, தங்கச்சி?”

“நானும் வீட்டுக்காரரும்தான், அங்கிள்.”

ஒற்றை விரலால் தட்டி முடித்தார். அச்சாகி வந்த தாளில், ஓட்டுநர்கள் என்ற இடத்தில் மூன்று பெயர்கள். மஸ்னா. அஸ்லான். நோர்சியா பிந்தி தர்மிசி.

“யாரு அங்கிள் இந்த நோர்சியா? எனக்குத் தெரியாம என் புருஷன் இன்னொருத்தியக் கட்டிக்கிட்டாரா?”

சோங் சிரிக்கவில்லை. திரையில் இரண்டு பெயர்கள்தான் இருந்தன. மறுபடி அச்செடுத்தார். மூன்று. கணினியை அணைத்துப் போட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து அடித்தார். மூன்று.

தட்டும்போது கவனிக்காத வண்டி எண்ணை இப்போது விரல் வைத்துப் படித்தார்.

“இந்த வண்டி எனக்குத் தெரியும்,” என்றார். “ஆறு வருஷம் முன்னாடி இந்த நோர்சியாவோட அப்பா, பாக் தர்மிசி வச்சிருந்தாரு. மகளுக்கு லைசென்ஸ் கிடைச்சிருக்கு, அவ பேரையும் சேத்துடுன்னு போன் பண்ணாரு. சரின்னேன். மறந்துட்டேன்.”

“அப்புறம்?”

“ரெண்டு வாரத்துல, மழையில வண்டி சறுக்கி மரத்துல மோதிடுச்சு. அந்தப் பொண்ணு இறந்து போயிட்டா. பாலிசியில அவ பேரு ஏன் இல்லைன்னு கம்பெனியில கேட்டாங்க.” குரல் இறங்கியது. “அப்பாவுக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான்னு எழுதிக் குடுத்தேன். ஊரெல்லாம் அதையே பேசுச்சு. சாவியத் திருடினவளாம்னு.”

மஸ்னா கீழே நின்ற காரை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெயிலில் எல்லாக் கண்ணாடியும் பளிச்சென்று இருக்க, ஓட்டுநர் பக்கக் கண்ணாடி மட்டும் உள்ளிருந்து யாரோ மூச்சு விட்டதுபோல் மங்கியிருந்தது.

“எழுந்திரிங்க அங்கிள். அவரு வீட்டுக்குப் போவோம்.”

“இப்பவா?”

“நான் தனியா அந்த வண்டியில ஏற மாட்டேன்.”

தர்மிசி வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். காரைக் கண்டதும் கத்தி கையிலேயே நின்றது. சோங் முற்றத்து மண்ணில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மழுப்பவில்லை.

தர்மிசி கத்தியைக் கீழே வைத்தார். பிறகு, “நான் போன் பண்ணேன்னு சொன்னேன். அவ அம்மாகூட நம்பல, சோங்,” என்றார். உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். “யாங், இங்க வா. இவன் சொல்றதக் கேளு.”

சோங் அந்த அம்மாளிடம் இரண்டாம் முறையும் சொன்னார். கம்பெனிக்கும் எழுதித் தருவதாகச் சொன்னார். அவள் அழவில்லை. காருக்கு அருகே போய்க் கதவில் கை வைத்து, தணிந்த குரலில் ஏதோ பேசினாள். இடையிடையே நிறுத்தி, பதில் கேட்பவள்போல் தலையாட்டினாள்.

புறப்படும்போது சோங் முன்கதவைத் திறந்தார். ஒரு கணம் உள்ளே பார்த்துவிட்டு, மெதுவாகச் சாத்திவிட்டுப் பின்னால் ஏறினார்.

“முன்னாடி வாங்க அங்கிள்.”

“வேணாம், தங்கச்சி. மெதுவா ஓட்டு.”

மஸ்னா இடப்பக்க இருக்கையைத் திரும்பிப் பார்க்காமலே ஊர்வரை ஓட்டினாள்.

மறுநாள் காலை அச்செடுத்த தாளில் இரண்டு பெயர்கள்தான் இருந்தன. சோங் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மஸ்னா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.