புதன்கிழமைகளில் நிற்கும் கடிகாரம்

இங்கிலாந்துக் கிராமமான ஹாக்கமில், தேவாலயக் கோபுரத்துக் கடிகாரம் புதன்கிழமைகளில் மட்டும் நின்றது. அதைப் பராமரித்துவந்த மாட் பாஸ்கோவுக்கு அதன் காரணம் பிடிபடவில்லை.

சனிக்கிழமை காலையில் அவள் கோபுரம் ஏறி, கைப்பிடியைச் சுற்றி இரும்புக் குண்டை உச்சிக்குத் தூக்கிவிடுவாள். கயிற்றில் தொங்கும் அந்தக் குண்டு தன் பாரத்தாலேயே வாரம் முழுக்க மெல்ல மெல்லக் கீழே இறங்கும். அந்த இறக்கம்தான் சக்கரங்களை ஓட்டும். பக்கத்தில் பெண்டுலம் ஆடி ஆடி, சக்கரம் தறிகெட்டு ஓடாமல் ஒவ்வொரு பல்லாக விடுவிக்கும். இதில் கிழமைக்கு என்ன வேலை? புதன் மாலை அவள் போய்க் குண்டைத் தூக்கி, பெண்டுலத்தைத் தட்டிவிட்டால் மறுபடி சமர்த்தாக ஓடியது. பல்லில் அழுக்கில்லை, எண்ணெயும் குறையவில்லை.

ஊர் வேறு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்திருந்தது.

"கடிகாரம் நிக்கிறதும் புதன், உன் வேல்ஸ்கார மாப்பிள்ளை பகல்ல வீட்டுல தூங்குறதும் புதன். நான் ஒண்ணும் சொல்லல, மாட்" என்றார் பப் நடத்தும் பெர்சி.

"ஒண்ணும் சொல்லாமயே இவ்வளவா? வாயத் தொறந்து சொன்னா ஊரு தாங்காது பெர்சி."

பதிலடி கொடுத்துவிட்டாளே தவிர, வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பேச்சு கூடவே வந்தது. மகள் லெட்டியும் மருமகன் எம்ரிஸும் அவளோடுதான் இருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. எம்ரிஸ் ஆம்புலன்ஸில் வேலை பார்ப்பவன், செவ்வாய்க்கிழமைகளில் அவனுக்கு இரவு முறை. கால்மணிக்கொரு முறை அடிக்கும் மணியைக் காலை வேளையில் மட்டும் நிறுத்த முடியுமா என்று குளிர்காலத்தில் ஊர்க்கூட்டத்தில் கேட்டான். நெப்போலியனுக்கே நிற்காத மணி உனக்கா நிற்கும் என்று சிரித்து அனுப்பினார்கள். வசந்தம் வந்தது, கடிகாரம் நிற்கத் தொடங்கியது. கோபுரச் சாவி தொங்குவதோ மாட்டின் சமையலறை ஆணியில்.

அன்றிரவே அவள் சாவியை எடுத்து மாவு டப்பாவுக்குள் புதைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் பை செய்ய மாவெடுத்த லெட்டியின் கரண்டியில் அது தட்டுப்பட்டது.

"அம்மா, கோபுரச் சாவி ஏன் இதுக்குள்ள கெடக்கு?"

மாட் வாயைத் திறப்பதற்குள் எம்ரிஸ் புரிந்துகொண்டான். "மாட், நேரா என்கிட்டயே கேட்டிருக்கலாமே."

"கேக்கணும்னு தோணலப்பா."

"தோணியிருக்கு. அதான் மாவு டப்பா." அவன் குரலை உயர்த்தவில்லை. "பப்புல நான் போனா பேச்சு நிக்குது. கடையில என் முகத்தப் பாத்து யாரும் மீதி சில்லறை குடுக்கிறதில்ல. அதெல்லாம் வெளிய. இது வீடுன்னு நெனச்சேன்."

"மாசக் கடைசில நாங்க வேல்ஸுக்கே, கார்டிஃப் போறோம்மா" என்றாள் லெட்டி. மாவுக்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "இனி இங்க இருந்தா நான் யார் பக்கம் நிக்கறது?"

அடுத்த புதன்கிழமை மாட் காலையிலேயே கோபுரம் ஏறி, கடிகாரத்துக்கு எதிரே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள். வருகிறவனைப் பிடிக்கவேண்டும், அது எம்ரிஸாக இருக்கக்கூடாது. பாலாடைக்கட்டி சாண்ட்விச்சை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சுகூட சத்தமில்லாமல் விட்டாள்.

யாரும் வரவில்லை. ஆனால் மதியத்துக்கு முன் ஒன்று நடந்தது.

பாதித் தூரம் இறங்கியிருந்த குண்டு, பெண்டுலத்துக்கு நேர் பக்கத்தில், அதே உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அது லேசாக ஆடியது. காற்றென்று நினைத்தாள், சன்னல் மூடியிருந்தது. குண்டின் ஆட்டம் வளர வளர, பெண்டுலத்தின் வீச்சு குறைந்தது. பெண்டுலத்தையும் குண்டையும் தாங்கும் சட்டத்தில் கை வைத்தாள். மொத்தச் சட்டமும் உள்ளங்கையில் துடித்தது.

பெண்டுலம் ஒவ்வொரு வீச்சிலும் சட்டத்தை மயிரிழை அசைக்கிறது. குண்டின் கயிறு பெண்டுலத்தின் நீளத்துக்கு வரும் நாளில் இரண்டுக்கும் ஒரே தாளம். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் சிறுகச் சிறுகத் தள்ளினால் அது எழும்புவதுபோல, அந்த மயிரிழை அசைவே குண்டை எழுப்பிவிடுகிறது. பெண்டுலத்தின் பலமெல்லாம் குண்டுக்குப் போகிறது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிக் என்றது, டக் வரவில்லை.

சனிக்கிழமை தூக்கிய குண்டு அந்த உயரத்துக்கு வந்துசேரும் நாள் புதன்.

இத்தனை வருடங்களாக இல்லாத அசைவு சட்டத்துக்கு இப்போது எங்கிருந்து வந்தது? குனிந்து பார்த்தாள். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை அகல இடைவெளி. அங்கே மட்டும் சுண்ணாம்பு அழுக்கேறாமல் வெளுத்திருந்தது. அந்த வெளுப்பின் வடிவத்தை அவளுக்குத் தெரியும்.

வசந்தத்தில் ஊர் வரலாற்றுக் குழு கண்காட்சி வைத்தது. அந்தக் காலத்தில் குற்றவாளிகளின் காலை மாட்டிவைத்த தொழுமரத்துப் பூட்டு, வெள்ளம் ஏறிய உயரம் பொறித்த பாலத்துக் கல் என்று ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். குழுத் தலைவி மாட்டின் பங்கு கோபுரத்திலிருந்து வந்தது: அந்த இடைவெளியில் இருந்த, எழுத்துப் பொறித்த ஓக் மர ஆப்பு. ஆடிப்போய்ப் பாதி வெளியே வந்திருந்ததால் கையாலேயே உருவிவிட்டாள். இன்றும் தேவாலய முகப்பில் கண்ணாடிக்குள் இருக்கிறது. கீழே அவள் கையெழுத்து: 'பழைய ஓக் கட்டை. பயன் தெரியவில்லை.'

இறங்கி வந்தபோது சமையலறையில் எம்ரிஸ் தேநீர் போட்டுக்கொண்டிருந்தான். கூடத்தில் கட்டிய பெட்டிகள்.

"நான்தான் நிறுத்தினேன்" என்றாள் மாட். எல்லாவற்றையும் சொன்னாள்; மாவு டப்பாவையும் சேர்த்து மன்னிப்புக் கேட்டாள். "இத சாயங்காலம் பப்புல எல்லார் முன்னாடியும் சொல்லப்போறேன்."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அவங்க நம்புவாங்க. நீங்க இந்த ஊர்க்காரங்க" என்றான். "பெட்டியப் பத்தி லெட்டிகிட்டதான் பேசணும், மாட். என்னால இப்ப எதுவும் சொல்ல முடியாது." பிறகு கோட்டை எடுத்தான். "சுத்தியல் எங்க? ஆப்ப ஒருத்தர் பிடிக்கணும்ல?"

கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்கள். எம்ரிஸ் பிடித்துக்கொள்ள, மாட் அடித்தாள். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஆப்பு இறுக உட்கார்ந்தது. குண்டைத் தூக்காமல், அதே உயரத்தில் விட்டு, பெண்டுலத்தைத் தட்டினாள். சட்டம் அசையவில்லை, சட்டம் அசையாததால் குண்டும் ஆடவில்லை, கடிகாரம் ஓடியது.