தட்டுகிற வரைக்கும்

தொடர் எடுக்கும் கூடத்தில் அவளுக்குக் கண்கொத்தி என்று பெயர். முந்தின ஷாட்டில் நடிகரின் மேல்பொத்தான் போட்டிருந்ததா இல்லையா, தண்ணீர் முழங்காலுக்கு மேலா கீழா, நெற்றியில் சேறு எந்தப் பக்கம் அப்பியிருந்தது என்று கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துக்கொண்டே இருப்பதுதான் அவளுடைய உத்தியோகம். யாரோ வேடிக்கையாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. கவனித்துக்கொண்டே இருப்பது அவளுக்குச் சின்ன வயதிலேயே பழகிப்போன வேலைதான்.

வெள்ளத்தில் மூழ்கிய கட்டடத்தின் அடித்தளத்தில் அகப்பட்டவர்கள் உயிர் பிழைக்கப் போராடுவதுதான் தொடரின் கதை. இயக்குநர் அவளுடைய அண்ணன். இது எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு ஒரு நாள் வேஷத்துக்கு வந்திருந்த பெரியவர் அவர்கள் இருவரையும் பெற்ற அப்பா என்பது மட்டும் அங்கே ஒருவருக்கும் தெரியாது.

அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டு வந்த பிறகு அவரை யாரும் பார்க்கப் போகவில்லை. அந்தக் காலத்தில் நாடக மேடையில் கொஞ்சம் பேர் வாங்கியவர். இப்போது எங்காவது தாத்தா வேஷம் இருந்தால் கூப்பிடுவார்கள். ஆள் விட்டு அவரை வரவழைத்தவன் அண்ணன்தான். மகன் கூப்பிட்டுவிட்டான் என்று அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். வாசலில் மகனைக் கண்டதும் இரண்டு கையும் தானாக முன்னே நீண்டன.

"வாங்க பெரியவரே," என்றான் அண்ணன். "மேக்கப் அந்தப் பக்கம்."

நீட்டிய கைகளை அவர் மெதுவாகக் கும்பிடாக மாற்றிக்கொண்டார். "வணக்கம் டைரக்டர் சார்."

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். 'சரி, பழைய கணக்கு ஏதோ தீர்க்கப் போறான்' என்று நினைத்தாள். என்ன கணக்கு என்பது செட்டுக்குள் போனபோதுதான் தெரிந்தது.

அது ஒரு ஸ்டோர் ரூம். மரப் பலகையால் அடித்து, தண்ணீர் கசியாமல் உள்ளே தார்ப்பாய் ஒட்டிய அறை. ஒரு பக்கம் மட்டும் கேமரா பார்ப்பதற்குத் தடித்த கண்ணாடி. மேலே ஓர் அலமாரி, மூலையில் பழைய சாக்கு மூட்டைகள், வெளியே தாழ்ப்பாள் போட்ட பச்சைக் கதவு. வர்ணம்கூட அதே பச்சை. கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில், தண்ணீர் கசியாமல் உள்ளிருந்து அடைத்த ஓட்டை. அவர்களுடைய பழைய வீட்டு ஸ்டோர் ரூமை அண்ணன் அப்படியே எழுப்பி வைத்திருந்தான்.

நாடகத்தில் நல்ல வேஷம் கைநழுவிப் போன நாளெல்லாம் அப்பா வீட்டுக்குள் வரும்போதே செருப்பின் சத்தம் மாறியிருக்கும். ஒரு தம்ளர் கவிழ்ந்தால் போதும், அண்ணனை ஸ்டோர் ரூமில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிடுவார். "கதவைத் தட்டி, 'தப்பு என் மேல, திறங்க'ன்னு சொல்லு. திறக்கிறேன்." அண்ணன் தட்டவே மாட்டான். பொழுது சாயும்வரைக்கும் உள்ளே கிடப்பானே தவிர, தட்ட மாட்டான். அப்பாவும் திறக்க மாட்டார். அவர் விடாக்கண்டன் என்றால் இவன் கொடாக்கண்டன். அம்மா சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள். தங்கையான அவளோ கதவுக்கு நேரே தரையில் உட்கார்ந்திருப்பாள். கதவைத் தொடக் கூடாது. "நீ தொட்டா அவனுக்குத்தான் தண்டனை கூடும்" என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். அதனால் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பாள்.

மேக்கப் அறையில் அப்பாவின் சட்டைக்குச் சேறு சரிபார்க்கப் போனபோது, அவர் வசனத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வசனத்தை எழுதினது யாரும்மா?"

"அண்ணன்தான்பா."

"கதவைத் தட்டி, 'தப்பு என் மேல, திறங்க.'" அவர் மெல்லச் சிரித்தார். "நல்ல ஞாபகசக்தி. என்னை மாதிரியே. மேடையில நான் ஒரு வரி மறந்ததில்ல."

"ஒரு நிமிஷ வேலைப்பா. தட்டிட்டு, சொல்லிட்டு வந்துடுங்க. அவன் மனசு ஆறும்."

"பார்ப்போம்."

அந்தப் 'பார்ப்போம்' அவளுக்குப் பிடிக்கவில்லை. அண்ணன் பிடிவாதமாகச் சொல்கிற 'பார்ப்போம்' அது.

தண்ணீரை ஏற்றுகிற பம்பு, அறையின் பின்பக்கம் இருந்தது. அதை ஓட்டுகிறவருக்கு உள்ளே நடப்பது தெரியாது. மோட்டார் இரைச்சலில் மைக்கும் கேட்காது. ஆகவே அவர் பலகைச் சுவரில் உள்ளங்கையை வைத்தபடியே நிற்பார். கதவில் தட்டினால் அந்த அதிர்வு பலகை வழியாகக் கைக்கு வந்துவிடும். வந்ததும் மோட்டாரை நிறுத்தி, அடிமடையைத் திறந்துவிடுவார். இந்தத் தொடர் முழுக்க அப்படித்தான் வேலை நடந்தது. ஒரு நாளும் பிசகியதில்லை.

"டைரக்டரே, தண்ணி எது வரைக்கும்?" என்று பம்புக்காரர் கேட்டார். "நெஞ்சு வரைக்கும்னுதானே பேச்சு?"

"தட்டுற வரைக்கும்."

"தட்டலேன்னா?"

"தட்டுவாரு," என்றான் அண்ணன். "உயிர்ல ஆசை இருக்கிற எல்லாரும் தட்டுவாங்க."

பம்புக்காரர் அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். "உன் அண்ணனுக்கு இன்னைக்கு எவன் மேல கோபமோ! சரி, நான் கை சொல்றதைக் கேக்கறவன். கண்கொத்தி, பெரியவரைப் பார்த்துக்க."

அப்பா உள்ளே போனார். வெளியே நின்று தாழ்ப்பாளைப் போட்டவன் அண்ணன். அதற்கென்று ஓர் உதவியாளர் இருந்தும், அவரை விலக்கிவிட்டுத் தானே போட்டான். பிறகு மானிட்டருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். அவள் அவனுக்குப் பின்னால் நின்றாள்.

"ஆக்‌ஷன்."

தண்ணீர் சுவரோரமாக வழிந்து இறங்கிற்று. அப்பா சாக்கு மூட்டையின் மேல் ஏறி நின்றார். நல்ல நடிகர்தான், சந்தேகமில்லை. கண்ணில் பயம் மெல்ல மெல்ல ஏறியது. முழங்கால், இடுப்பு. சாக்கு மூட்டை ஊறிச் சரிந்ததும் தரையில் இறங்கினார். கதவுக்கு எதிரே போய் நின்றார். கையைத் தூக்கினார்.

தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு தணிந்து தண்ணீருக்குள் போய்விட்டது.

"தட்டுங்க," என்று அண்ணன் முணுமுணுத்தான். உள்ளே கேட்காது.

தண்ணீர் நெஞ்சைத் தொட்டது. நடிப்பு இப்போது முகத்தைவிட்டுப் போய்விட்டது. அது அவளுக்குத் தெரிந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. வலது தோள் தண்ணீரில் லேசாக நடுங்கிற்று. அவர் கதவைப் பார்க்கவில்லை, கண்ணாடி வழியாக நேரே கேமராவைப் பார்த்தார். மானிட்டரில் அது மகனைப் பார்ப்பது போலவே இருந்தது.

"அண்ணா, போதும்."

"அவர் தட்டட்டும்."

"தட்ட மாட்டாருடா. நீ தட்டினியா?"

அவன் திரும்பவில்லை. மேஜையில் சிவப்பு விளக்கின் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் பின்பக்கம் விளக்கு எரியும், பம்பு நிற்கும். அவனுடைய விரல் அதன் மேலேயே இருந்தது, அழுத்தவில்லை. அந்த விரலை அவள் எங்கே பார்த்திருக்கிறாள் என்று சட்டென்று நினைவு வந்தது. பழைய வீட்டில் தாழ்ப்பாளின் மேல் விரலை வைத்துக்கொண்டு இப்படித்தான் அப்பா நிற்பார். உள்ளேயிருந்து சத்தம் வருகிறதா என்று காது கொடுத்தபடி, திறக்கவும் முடியாமல், விட்டுப் போகவும் முடியாமல்.

தண்ணீர் மோவாய்க்கு வந்தது. அப்பா கழுத்தை நீட்டினார். ஒரு தடவை தண்ணீரை விழுங்கி இருமினார். கேமராமேன் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, "சார்?" என்றார். அண்ணனின் முகம் வெளிறிக் கிடந்தது. விரல் மட்டும் அசையவில்லை.

அவள் ஓடினாள். கேபிள் காலில் தடுக்கிற்று, எழுந்தாள். பச்சைக் கதவு முன்னால் வந்ததும் அவளுடைய கை தானாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. நீ தொட்டா அவனுக்குத்தான் தண்டனை கூடும். இத்தனை வயதாகியும், நாலு ஊர் பார்த்தும், அந்தக் கை இன்னும் அந்தச் சின்னப் பெண்ணின் கையாகவே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முஷ்டியை மடக்கித் தட்டினாள். ஒன்றல்ல, இரண்டல்ல, கை வலிக்கிற மட்டும் தட்டினாள்.

பின்னால் மோட்டார் நின்றது. அடிமடை திறந்து தண்ணீர் கடகடவென்று இறங்கிற்று. அது பாதி வடிந்த பிறகே தாழ்ப்பாள் அசைந்து கொடுத்தது. கதவு திறந்ததும் மிச்சத் தண்ணீரோடு அப்பாவும் வெளியே வந்து விழுந்தார். யாரோ துண்டைப் போர்த்தினார்கள். பம்புக்காரர் ஓடி வந்து, "தட்டின உடனே நான் நிறுத்திட்டேன் சார், என் மேல குத்தமில்ல," என்று பொதுவாகச் சொன்னார்.

அண்ணன் வந்து நின்றான். "யாரு தட்டினது?"

குரல் தணிவாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு அந்தக் குரலைத் தெரியும். வாயைத் திறக்கப் போனாள்.

"நான்தான் தட்டினேன்," என்றார் அப்பா.

"பொய். உங்க கை தண்ணிக்குள்ள இருந்துச்சு. நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

"நான்தான்." அவர் இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். பல் தந்தியடித்தது. "அவளை ஒண்ணும் சொல்லாதே. அவ கதவைத் தொடல. தப்பு என் மேல."

கேமராமேன் நடந்தது புரியாமல், "சார், வசனம் இப்பத்தான் அருமையா வந்திருக்கு. அப்படியே ஒரு டேக் போயிடலாமா?" என்றார்.

"கேமராவை அணைங்க," என்றான் அண்ணன்.

அணைத்தார்கள். அப்பா தலையைத் தூக்கி மகனைப் பார்த்தார். "மறுபடியும் உள்ளே போகணுமா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. போகச் சொன்னால் போயிருப்பார். அது அவர் துண்டை உதறிவிட்டுத் தரையில் கை ஊன்றிய விதத்திலேயே தெரிந்தது. அண்ணனின் விரல் சட்டை ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தது.

"வேணாம்," என்றான் கடைசியில். "வண்டி ஏற்பாடு பண்ணச் சொல்றேன். வீட்டுக்குப் போங்க." கொஞ்சம் நிறுத்தி, "உங்க வீட்டுக்கு," என்றான்.

அப்பா தலையாட்டினார். போகும்போது அவளுடைய வீங்கிய கையை மட்டும் ஒரு கணம் பிடித்துப் பார்த்தார். பிறகு ஈரச் செருப்பு சப்தமிட நடந்து போனார். அந்தச் செருப்புச் சத்தத்தில் இன்றைக்குக் கோபம் இல்லை என்பதை அவள் கவனித்தாள்.

ஆட்கள் தேநீருக்குக் கலைந்தார்கள். அண்ணன் ஸ்டோர் ரூமுக்குள் போனான். சரிந்த சாக்குகளுக்கு நடுவே ஈரத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டான். தோள் குலுங்கிற்று. சரிவாக அடித்த கதவு தன் கனத்திலேயே மெல்ல மூடிக்கொள்ளப் பார்த்தது.

அவள் கதவுக்கு நேரே உட்காரவில்லை. நிலையில் சாய்ந்து நின்று, வலிக்கிற கையாலேயே கதவைப் பிடித்துக்கொண்டாள். "மெதுவா வாண்ணா," என்றாள். "நான் பிடிச்சிருக்கேன்."