கடைசி இரண்டு அங்குலம்

சுருட்டுக் கம்பெனியில் அவருக்கு மூக்கர் என்று பெயர். மூக்கு ஒன்றும் அப்படிப் பெரிதில்லை, அது பார்த்த வேலைதான் பெரிது. எந்த இலையை எதோடு சேர்த்தால் என்ன ருசி வரும் என்று முப்பத்திரண்டு வருஷம் தீர்மானித்தது அந்த மூக்கும் நாக்கும்தான். பணக்காரர்கள் பெட்டி பெட்டியாக வாங்கும் உயர்ந்த ரகச் சுருட்டெல்லாம் அவர் தலையாட்டிய பிறகே கடைக்குப் போகும்.

அந்த மூக்குக்குக் கீழே இப்போது ஒரு பிளாஸ்டிக் குழாய். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மிஷின் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. டாக்டர் அவர் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு நாலு மாசம் என்றார், அதையும் தரையைப் பார்த்தே சொன்னார். நோயாளிக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால்தான் தெரியுமா என்ன?

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கல்யாணமான முதல் வாரத்தில் மனைவி போட்ட சட்டம். வாசலிலேயே சட்டையைக் கழற்ற வேண்டும், குளிக்காமல் ஒரு சாமானையும் தொடக்கூடாது, புகையிலைப் பேச்சு வீட்டுக்குள் வரவே கூடாது. மனுஷனும் மறுபேச்சில்லாமல் குளித்தார். அதனால் புருஷன் என்ன வேலை பார்க்கிறார் என்பது அவளுக்குத் தெரியும், எப்படிப் பார்க்கிறார் என்பது துளியும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் கடைசியில் காலை வாரிவிட்டது.

அன்று காலை குடோன்காரர் வந்தார். கம்பெனியில் இலைக் கட்டுகளைப் பார்த்துக்கொள்பவர், மூக்கரின் இருபது வருஷக் கூட்டாளி. கையில் கம்பெனிப் பெயர்ப் பட்டை ஒட்டாத ஒரு சுருட்டும் ஒரு தாளும் இருந்தன.

“அண்ணே, உங்க கலவை தயாராயிடுச்சு. எங்க கமிட்டி அஞ்சு பேரும் பிடிச்சுப் பார்த்துப் பாஸ் போட்டுட்டோம். கலவை போட்டவர் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. பெட்டி அச்சுக்குப் போகணும். மூடியில உங்க மூக்கைத்தான் படமா போடப்போறாங்களாம்.”

மூக்கருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. செடியின் உச்சி இலையை வைத்து மூன்று வருஷத்துக்கு முன்பு அவர் போட்டு, இலை பதமாகட்டும் என்று குடோனில் கிடக்க விட்ட கலவை அது. ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அதைப் பற்றித்தான் கேட்டார்.

“பிடிச்சுப் பார்க்காம கையெழுத்தா?” என்றார்.

“இந்த ரூம்ல தீக்குச்சி கிழிச்சா மூணு பேரும் கூரையோட போக வேண்டியதுதான்,” என்றாள் மனைவி. “தம்பிதான் சொல்றாரே, பேசாம போட்டுக் குடுங்க.”

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெட்டி கடைக்கு வர வேண்டும், அதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு மேல் அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

மூக்கர் அவளையே பார்த்தார். “நீ பிடிச்சுச் சொல்லு.”

“நானா? உங்களுக்கு என்ன, கிறுக்கா?”

“இவன் ஏற்கெனவே ஓட்டுப் போட்டுட்டான். அதுவும் இல்லாம, இவன் எனக்காகப் பொய் சொல்லுவான்.”

குடோன்காரர் மின்விசிறியை ஆராயத் தொடங்கினார்.

ஐந்து பேர் பாஸ் போட்ட சரக்கில் என்ன குறை இருந்துவிடப் போகிறது என்று அவள் சம்மதித்தாள். பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவை இறுக்கச் சாத்தினார்கள். அவள் காதில் போன், உள்ளே அவர் காதில் போன். குடோன்காரர் சுருட்டின் நுனியை வெட்டி, நீளத் தீக்குச்சியில் சுற்றிச் சுற்றிப் பற்றவைத்துக் கொடுத்தார். “உள்ள இழுக்காதீங்க அண்ணி. வாயில வெச்சிருந்து வெளிய விடுங்க.”

முதல் இழுப்பில் கண்ணிலும் மூக்கிலும் நீர் வந்துவிட்டது. எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கையில் ஈரப் புடவையோடு அப்படியே நின்றாள். பார்க்கட்டும், மானம் போனால் போகட்டும் என்று இவள் திரும்பி நின்றாள்.

“கசக்குதுங்க.”

“எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. வேற?”

“காப்பிக்கொட்டை வறுக்கிற கடை வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு.”

உள்ளே பேனா ஓடியது. ஆறு அங்குலச் சுருட்டை மூன்று பங்காகப் பார்ப்பார்களாம், இரண்டிரண்டு அங்குலத்துக்கும் தனித்தனிக் குறிப்பாம். இதையெல்லாம் அன்றுதான் தெரிந்துகொண்டாள். நடுப்பங்கில் பழைய மர அலமாரியைத் திறந்தால் வருகிற வாசனை வந்தது.

“கொஞ்சம் மிளகு காரமும் இருக்கு.”

“நாக்கு ஓரத்துலயா, அடியிலயா?”

“ஓரத்துல.”

மூக்கர் மெத்தையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அந்த முகம் மலர்ந்து கிடந்தது. ஒரு வருஷமாயிற்று அதை அப்படிப் பார்த்து. இவ்வளவு பேச்சை வைத்துக்கொண்டிருந்த மனுஷனைத் தினமும் குளியலறைக்கு விரட்டினேனே என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். இப்போது அவர் கேட்காததையும் சொல்ல வேண்டும் போல் இருந்தது. ஆசை ஆசையாகக் கடைசிப் பங்கை இழுத்தாள்.

“இப்ப சூடா வருதுங்க. மூக்குல சுருக்குனு ஏறுது. நம்ம பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்ப, ஒண்ணுக்குப் போய் நனைச்ச துணிய வாளியில போட்டு மூடி வெச்சு மறந்துடுவேனே, மறுநாள் திறந்தா ஒரு நெடி அடிக்குமே, அதேதான்!” என்று சொல்லிச் சிரித்தாள்.

உள்ளே பேனா நின்றுவிட்டது.

குடோன்காரர் போனில் விழாதபடி நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஏன் அண்ணி அதைப் போய்ச் சொன்னீங்க? உச்சி இலை இன்னும் பதமாகலைன்னா அந்த நெடிதான் வரும். எங்க அஞ்சு பேருக்கும் தெரியும். அண்ணன் பெட்டியைப் பார்க்கணுமேன்னுதான் பாஸ் போட்டோம்.”

அவள் போனை வாயோடு சேர்த்துப் பிடித்தாள். “என்னங்க, தப்பா சொல்லிட்டேங்க. அது பக்கத்து வீட்டு நாத்தம். சுருட்டு இனிக்குது, தேனா இனிக்குது!”

மிச்சச் சுருட்டைக் குடோன்காரரிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள். மூக்கர் அவள் கையைப் பிடித்தார். குழாயைச் சற்று ஒதுக்கிவிட்டு அவள் விரல்களை முகர்ந்தார். முகர்ந்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. அப்போதும் கையை விடவில்லை.

“நெடின்னு முதல்ல சொன்னியே, அதுதான் சரி,” என்றார்.

“உங்க கால்ல வேணா விழறேன். கையெழுத்துப் போட்டுடுங்க.”

“போடறேனே.”

போட்டார். அதற்கு மேலே, குறிப்பு எழுதும் கட்டத்தில், நிறுத்தி நிறுத்தி எழுதியிருந்தார்: உச்சி இலை பதம் போதாது, இன்னும் இரண்டு வருஷம் கிடக்கட்டும். சுருட்டை அணைத்துவிட்டு உள்ளே வந்த குடோன்காரர் தாளை வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

“ரெண்டு வருஷம் கழிச்சு யாருங்க பிடிச்சுப் பார்க்கிறது?” என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது, வாய் தவறி வந்துவிட்டது.

“நீதான்,” என்றார் அவர். “அஞ்சு பேரு பொய் சொன்ன இடத்துல நீ ஒருத்திதான் உண்மையைச் சொன்ன.”

தன் சட்டப்படி குளிப்பதற்காக அவள் குளியலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். வாளி நிரம்பி வழிந்தது. அவர் முகர்ந்த விரல்களை அந்தத் தண்ணீரில் நனைக்க அவளால் முடியவில்லை.