பாதம் கழுவும் தண்ணீர்

"முட்டி போடும்மா நித்யா. கர்வமெல்லாம் கீழ போகட்டும்," என்றார் பாஸ்டர் கமலநாதன்.

கிள்ளானில் நாலாவது மாடியிலிருந்த அந்தச் சின்னக் கூடத்தில் மேசையை ஓரம் தள்ளி, நடுவில் ஒரு நீல பேசின் நிறைய வெந்நீர் வைத்திருந்தார்கள். அதற்கெதிரே சோபாவில் ஜீவன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சபையில் கித்தார் வாசித்துப் பாடல் நடத்துகிறவன். அவன் பாடினால் கல்லும் கரையும் என்பார்கள். வீட்டில் மனைவியை அடிக்கிறவன் என்பது சபையில் சிலருக்கு மட்டுமே தெரியும். அந்தச் சிலரில் பாஸ்டரும் அவர் மனைவி ரமணியும் சேர்த்தி. இன்று இருவரும் சமாதானம் செய்துவைக்க வந்திருந்தார்கள்.

நித்யா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. இடது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தது. அவள் துணிப்பை கதவருகே தயாராக இருந்தது. கணவனின் காலைக் கழுவிவிட்டால், ஜெபம் முடிந்ததும் அவனோடு காரில் ஏறி ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் அவன் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"வெரல் ஒடிஞ்சிருக்கு பாஸ்டர். நான் எப்படிக் கழுவறது?"

"ஒரு கையால கழுவுனாப் போதும்மா. ஆண்டவர் மனசத்தான் பாக்கறாரு."

சமையலறை வாசலில் துண்டைத் தோளில் போட்டபடி மாரியாயி நின்றாள். நித்யாவைப் பெற்றவள்; இது அவள் வீடு. தண்ணீரைச் சுடவைத்து, கைவிட்டுச் சூடு பார்த்து ஊற்றியதும் அவள்தான்.

மாரியாயி பிறந்தது ரப்பர் தோட்டத்தில். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டு வாசலில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால், அவர்கள் உயரத்திலிருந்து ஊற்ற, இவள் இரண்டு கையையும் ஏந்திக் குடிக்க வேண்டும். கட்டிய புருஷன் தம்புசாமி சம்சுச் சாராயம் குடித்துவிட்டுக் கால்வாயில் கிடந்தவன். கடை மாடியில் இருந்த சபைக்கு அவனை யாரோ கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் குடியை விட்டான், சாகும்வரை திரும்பத் தொடவில்லை. அந்த வருஷம் பெரிய வியாழனன்று அப்போதிருந்த பாஸ்டர் அவள் முன்னால் மண்டியிட்டு, வெடித்துப் போன அவள் காலைத் தண்ணீரில் வைத்துக் கழுவினார். மாரியாயி தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு திருவிருந்தில் அவள் வாய் வைத்த அதே பாத்திரத்தில், பக்கத்தில் இருந்த கிராணியின் மகனும் திராட்சை ரசம் குடித்தான். அன்றோடு அவள் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தாள். வேதப் புத்தகம் பொய் என்று யாராவது சொன்னால் சண்டைக்கே போவாள். அவள் வாழ்க்கைதான் அதற்குச் சாட்சி.

அதனால்தான், நித்யா உதடு கிழிந்து முதன்முறை வந்து நின்றபோது, அதே புத்தகத்தைத் திறந்து காட்டினாள். மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று இருக்கிறதா இல்லையா? இருந்தது. அடுத்த முறையும் அதே பக்கத்தைக் காட்டி அனுப்பிவைத்தாள். கல்லானாலும் கணவன் என்று சொன்ன கூட்டத்தை விட்டு வந்தவள் மாரியாயி. அதையே வேதத்தின் அதிகாரம், வசன எண்ணோடு மகளுக்குச் சொல்கிறோம் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

"நான் பாலாய்ல ரிப்போட்டு பண்ணப் போறேன்," என்றாள் நித்யா. "டாக்டரே பண்ணச் சொல்லிட்டாரு."

"ஐயோ, போலிஸா?" ரமணி பதறினாள். "விசுவாசி விசுவாசியக் கோட்டுக்கு இழுக்கக் கூடாதும்மா. வசனமே இருக்கு."

"நான்தான் சாரி சொல்லிட்டேனே லா," என்றான் ஜீவன், தன் பாதத்தைப் பார்த்தபடி. வெள்ளை வெளேரென்ற, நகம் வெட்டிய, சுத்தமான கால்.

மாரியாயி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுவ அதில் ஒரு தூசிகூட இல்லை.

"பாஸ்டர், ஒண்ணு கேக்கவா?" என்று கூடத்துக்குள் வந்தாள். "பெரிய வியாழனுக்கு நீங்கதானே எங்க காலக் கழுவறீங்க? நாங்க உங்க காலக் கழுவறதில்லையே."

"ஆமா சிஸ்டர். ஆண்டவர் சீஷர்களுக்குச் செஞ்சது அது."

"அப்போ பெரியவருதானே முட்டி போட்டாரு? புருஷன்தான் குடும்பத்துக்குப் பெரியவருன்னு நீங்க சொல்றீங்க. மாப்பிள்ளை, நீங்க எறங்குங்க. அவ உக்காரட்டும்."

ஜீவன் சிரித்தான். யாரும் கூடச் சிரிக்காததால் பாஸ்டரைப் பார்த்தான்.

"அது வேற சந்தர்ப்பம் சிஸ்டர்," என்றார் கமலநாதன், சற்றும் கலங்காமல். "நம்ம இஷ்டத்துக்கு வசனத்த எடுக்கக் கூடாது."

"நீங்க எடுத்தது யாரு இஷ்டத்துக்கு பாஸ்டர்?"

"ஆம்பளைய முட்டி போடச் சொல்றீங்களா அத்தே?" ஜீவன் எழுந்து சப்பாத்தை மாட்டிக்கொண்டான். "நித்யா, கடைசியாக் கேக்கறேன். வரியா, இல்லியா?"

நித்யா அவனைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். இதற்குமுன் இரண்டு முறையும் இப்படித்தான் பார்த்தாள்.

மாரியாயி கதவருகே போய்த் துணிப்பையை எடுத்தாள். அதை உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கட்டில்மேல் வைத்துவிட்டு வந்தாள்.

ஜீவன் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனான். வந்தவர்களுக்காகச் செய்திருந்த மீகூன் சேமியா மூடியபடியே இருந்தது. பாஸ்டர் வாசலில் நின்று, குரல் உயர்த்தாமல், வருத்தத்தோடே சொன்னார்: "குடும்பத்தப் பிரிச்சிட்டீங்க சிஸ்டர். மனந்திரும்புற வரைக்கும் நீங்க அப்பம் எடுக்க வேணாம். பாத்திரத்தத் தொட வேணாம்."

அவர் நல்லவர்தான். சாவு வீட்டில் முதல் ஆளாக வந்து நிற்பவர். அந்த நல்லவர் வாயால்தான், கிராணி வீட்டு வாசலுக்கு மாரியாயி மறுபடி அனுப்பப்பட்டாள். அவர்கள் படியிறங்கும் காலடிச் சத்தம் ஓயும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்து மகளைச் சோபாவில் உட்காரவைத்தாள். முழங்கால் வலியோடு தரையில் மண்டியிட்டு, அவள் காலை எடுத்துத் தண்ணீரில் வைத்தாள். கணுக்காலுக்கு மேலே கன்றி மஞ்சளாகிப்போன ஒரு காயம் தெரிந்தது. அது பழையது. சென்ற முறை திருப்பி அனுப்பிய பிறகு பட்டிருக்க வேண்டும். மாரியாயி அதைச் சுற்றி மெல்லக் கழுவினாள். கண்ணீர் பேசினில் விழுந்துகொண்டே இருந்தது.

"அம்மா," என்றாள் நித்யா. "இந்தக் காலக் கழுவற கதை மட்டும் அந்தப் புஸ்தகத்துல இல்லாமப் போயிருந்தா?"

மாரியாயியின் கை நின்றது.

"இன்னிக்கும் என்னை அனுப்பியிருப்பீங்க. இல்லியா?"

கீழே சாலையில் அதுவரை நின்றிருந்த ஜீவனின் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மகள் நம்பிவிடுவாள். ஆனால் மாரியாயிக்குப் பொய் வரவில்லை.

"அனுப்பியிருப்பேன்," என்றாள். "பெத்த புள்ள வெரல் ஒடிஞ்சு நிக்கிறதப் பாக்க எனக்கு ஒரு வசனம் வேண்டியிருந்துச்சும்மா."

வெகு நேரம் கழித்து நித்யா தன் மற்றக் காலையும் எடுத்துத் தண்ணீரில் வைத்தாள். அதற்குள் அது ஆறிப்போயிருந்தது.