தலை ஆடியில் பிடித்த தடுமன்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், என் செல்லங்களே. அந்த சன்னலைச் சாத்திவிடுங்கள், சாரல் உள்ளே அடிக்கிறது. உங்களுக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். நெஞ்சு கனக்கிற கதைதான், ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? கப்பல் மேலேயே வந்து இறங்குகிற போர் விமானம் ஒன்றைச் சோதித்துப் பார்த்த ஒரு மனிதனையும், அவனுக்கு வாழ்க்கைப்பட்ட நம் தென்காசிப் பெண் குழல்வாய்மொழியையும் பற்றிய கதை.

அறுபத்து நாலாம் வருஷம் வைகாசியில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. அப்பா வல்லிநாயகம், வயலும் தோப்புமாக வாழ்ந்தவர். தாயில்லாத பிள்ளை என்று அவளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்திருந்தார். மாப்பிள்ளை காந்திமதிநாதன் கடையத்துக்காரன், கடற்படையில் விமானி. சும்மா ஓட்டுகிற விமானி இல்லை, சோதனை விமானி. புதிதாகச் செய்த விமானம் மேலே போனால் என்ன செய்யும் என்று செய்தவனுக்கே தெரியாது அல்லவா? அதை இவன் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்ப்பான், கவிழ்த்துப் பார்ப்பான், தலைகுப்புற இறக்கிப் பார்ப்பான். பார்த்ததையெல்லாம் தொடையில் கட்டிய அட்டையில் பென்சிலால் குறித்துக்கொண்டு வருவான்.

"கப்பல்ல விமானம் இறங்க அவ்வளவு இடம் ஏது?" என்று குழல்வாய்மொழி ஒருநாள் கேட்டாள்.

"இடம் கிடையாது. வாலுல ஒரு கொக்கி இருக்கும். கப்பல் தளத்துல குறுக்க கம்பி இழுத்துக் கட்டியிருப்பாங்க. கொக்கி கம்பியப் பிடிச்சா நிப்போம்."

"பிடிக்கலேன்னா?"

"பிடிக்கும்" என்றான்.

அந்த மாதிரி விமானம் அப்போது இரண்டே இரண்டுதான் செய்திருந்தார்கள். இரண்டும் கப்பலேறுவதற்கு முன் முடிக்க வேண்டிய சோதனைகள் கொஞ்சம் பாக்கி இருந்தன. அந்த நேரத்தில்தான் ஆடி பிறந்தது. கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து, மாப்பிள்ளையையும் வரவழைத்து விருந்து வைப்பது நம் பக்கத்து வழக்கம். தென்காசிக்காரர்கள் அதோடு விடுவார்களா? தலையிலிருந்து கால்வரை நல்லெண்ணெய் வைத்து, குற்றாலத்து அருவியில் மாப்பிள்ளையை நிறுத்தி, அப்புறம்தான் தேங்காய்ப்பால் விட்ட சொதியும் இஞ்சிப் பச்சடியும் பரிமாறுவார்கள். வல்லிநாயகத்துக்கோ ஒரே மகள், ஒரே மாப்பிள்ளை. விடுவாரா?

நாலு நாள் லீவில் வந்திருந்த காந்திமதிநாதன் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்ததுமே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான்.

"மாமா, விருந்து எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடுதேன். அருவி மட்டும் வேண்டாம். எனக்குச் சளி, தடுமன் பிடிச்சிரக் கூடாது."

"ஏன் மாப்ளே, தடுமன் பிடிச்சா கடற்படையில சீட்டக் கிழிச்சிருவாங்களா?"

"பறக்க விடமாட்டாங்க மாமா. உயரத்துலேருந்து வேகமா இறங்கும்போது காதுக்குள்ள காத்து போக ஒரு வழி திறந்திருக்கணும். மூக்கு அடைச்சா அந்த வழியும் அடைச்சிக்கிடும். செவிப்பறை கிழிஞ்சு தலை கிறுகிறுத்துரும். மேல எது, கீழ எதுன்னு தெரியாமப் போயிரும்."

வல்லிநாயகம் வயிறு குலுங்கச் சிரித்தார். "தடுமனா? குத்தாலத்துத் தண்ணியிலயா? மூலிகையத் தொட்டுக்கிட்டு வருத தண்ணி மாப்ளே அது. தடுமன் பிடிச்சவனெல்லாம் இங்கன வந்து குளிச்சுத்தான் சொஸ்தமாகுதான்!"

அவர் பொய் சொல்லவில்லை, கண்ணுகளா. அப்படித்தான் நம்பினார். ஊரே அப்படித்தான் நம்புகிறது. ஆனாலும் மாப்பிள்ளை அசையவில்லை. அசைத்தது குழல்வாய்மொழிதான். அத்தை, சித்திமார் எல்லோரும் சுற்றி நின்றபோது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஆகாசத்துல தலைகீழா நிக்குத ஆளு, அருவியப் பாத்துப் பயப்படுதீயளே அத்தான்! கடையத்துக்காரங்களுக்குக் கிணத்துத் தண்ணிதான் ஒத்துக்கிடுமோ?"

வீடு முழுக்கச் சிரிப்பு. அவனும் சிரித்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எண்ணெய எடுங்க மாமா" என்றான்.

பெரிய அருவியில் முக்கால் மணி நேரம் நின்றான். மறுநாள் ஐந்தருவி. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று ஈரத்தலையில் அடிக்க, வில்வண்டியில் ஊர் திரும்பினார்கள். மூன்றாம் நாள் தும்மல். நாலாம் நாள் குரல் கட்டிப்போயிற்று. சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள், நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைத்தார்கள். வல்லிநாயகம் அப்போதும், "உள்ள கிடந்த சளிய அருவி வெளிய தள்ளுது, நல்லதுதான்" என்றார்.

ஐந்தாம் நாள் தென்காசி ஸ்டேஷனில் கொல்லம் ரயிலுக்குக் காத்து நின்றபோது, காந்திமதிநாதன் இரண்டு விரலால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முகம் சிவக்க மூச்சை உள்ளே தள்ளினான்.

"என்ன செய்யுதீய?"

"காதைத் திறந்து பாக்கேன்."

"திறந்துச்சா?"

"ஒண்ணு திறந்துச்சு. இன்னொண்ணு உன்ன மாதிரி. சொன்னாக் கேக்க மாட்டேங்கு."

அவள் சிரித்துக்கொண்டே கையசைத்தாள். ரயில் செங்கோட்டைப் பக்கம் போய்விட்டது.

மூன்றாம் நாள் தந்தி வந்தது. விமானம் கடலில் விழுந்துவிட்டது. ஆள் கிடைக்கவில்லை.

கடையத்தில் அவன் தாய் முத்துவடிவு தனியாக இருந்தாள். புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. இந்த ஒரு மகனை வைத்துக்கொண்டு வாழ்ந்தவள். அங்கேதான் காரியம் எல்லாம் நடந்தது. எரிக்க உடல் இல்லாததால் தர்ப்பையில் ஓர் உருவம் கட்டி எரித்தார்கள். முத்துவடிவு அழவில்லை. மருமகளின் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "எனக்கு அவன் விட்டுட்டுப் போனது நீ ஒருத்திதான். அங்கன இங்கன போயிராதட்டி. இங்கேயே இரு" என்றாள். பெற்ற தாயின் மடி எப்படி இருக்கும் என்று குழல்வாய்மொழிக்குத் தெரியாது. அந்த மடியில்தான் தெரிந்துகொண்டாள். அதற்கு இப்படி ஒரு நாள் வர வேண்டியிருந்தது, பாருங்கள்.

ஏழாம் நாள் வல்லிநாயகம் தென்காசியிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தார். அவள் பேருக்கு, காந்திமதிநாதன் கையெழுத்தில். உயிரோடு இருக்கும்போது தபாலில் போட்டது, அவன் செத்த செய்திக்குப் பின்னால் வந்து சேர்ந்திருந்தது. அவள் அதை மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் எடுத்துப்போய்ப் பிரித்தாள்.

'குழலுக்கு, ரயில் மலையில் ஏறும்போது இடது காது அடைத்தது. இதுவரை திறக்கவில்லை. உங்கள் குற்றாலம் என் மண்டைக்குள் குடிவந்து வாடகை தராமல் உட்கார்ந்திருக்கிறது. டாக்டர் கேட்டார், நன்றாயிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் பத்து நாள் உட்கார வைத்துவிடுவார், அதற்குள் கப்பல் போய்விடும், விமானம் இன்னும் ஆறு மாதம் காத்துக் கிடக்கும். நாளை மேலேயிருந்து செங்குத்தாக இறங்கிக் காட்டும் வேலை. அதை முடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். மாமாவிடம் சொல்லாதே, சங்கடப்படுவார். பயப்படாதே. மற்றது நேரில்.'

அவன் அவளுக்கு எழுதிய முதல் கடிதம் அது. அவள் அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மாமியார் மடியில் தலை வைக்கும்போதெல்லாம் அந்தக் காகிதம் நெஞ்சில் குத்தியது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒருவர் வந்தார். அருமைநாயகம் என்று பேர், பாளையங்கோட்டைக்காரர். விமானம் செய்த இடத்தில் என்ஜினீயர். காந்திமதிநாதன் பறக்கும்போதெல்லாம் கீழேயிருந்து ரேடியோவில் பேசியவர். அவனுடைய பெட்டியைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்துவிட்டு, முத்துவடிவைப் பார்த்துச் சொன்னார்:

"அம்மா, முப்பத்தஞ்சாயிரம் அடியில இருந்து இறங்க ஆரம்பிச்சான். ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் எனக்குச் சொல்லிக்கிட்டே வந்தான். பத்தாயிரத்துல குரல் நின்னு போச்சு. விமானம் நிமிரவே இல்ல. வாலுல உள்ள இறகு இறுகிப்போயிருக்கும்னு நினைக்கோம். கடல்ல ஒரு துண்டுதான் கிடைச்சுது, அத வச்சு நிச்சயமாச் சொல்ல முடியல."

"இப்ப என்ன செய்யப் போறிய?" என்று வல்லிநாயகம் கேட்டார்.

"ரெண்டாவது விமானத்தோட வாலை வெட்டி வேற மாதிரி வைக்கச் சொல்லிட்டாங்க அண்ணாச்சி. வச்சு, திங்கக்கிழமை பறக்கணும். மூசான்னு ஒருத்தர் பறக்காரு. காந்திக்குக் கூட்டாளி. அவர் வீட்டுக்காரி முழுகாம இருக்கா."

கதவுக்குப் பின்னால் நின்ற குழல்வாய்மொழி வாயைத் திறந்தாள். "அண்ணாச்சி, வாலுல கோளாறே இல்லாம இருந்தா?"

அருமைநாயகம் அவள் நின்ற பக்கம் திரும்பினார். "அதாம்மா எனக்கும் பயம். நல்லா இருக்கத வெட்டி, அவசரத்துல ஒண்ண ஒட்டவச்சு, அதுல ஒருத்தர ஏத்தி விடுதோம். அதான் கேக்க வந்தேன். காந்திக்கு ஊர்ல இருக்கும்போது உடம்புக்கு ஏதும் வந்துச்சா? காய்ச்சல், மயக்கம், இப்படி ஏதாவது?"

"எம்மவனுக்கு என்ன?" என்று முத்துவடிவு சீறினாள். "கல்லுக்குண்டு மாதிரி இருந்தான். உங்க தகரம் அவன முழுங்கிட்டு, இப்ப அவன் உடம்புல கோளாறு தேட வந்துட்டியளோ?"

வல்லிநாயகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் தலை நிமிர்ந்து மகளைப் பார்த்தார். வேண்டாம் என்று அந்தக் கண் சொல்லிற்று. தும்மலும் கட்டிப்போன குரலும் அவருக்குத் தெரியாததா? தன் கையால் எண்ணெய் வைத்தவர் அல்லவா?

குழல்வாய்மொழி அடுக்களைக்குள் போனாள். அடுப்பில் விறகு கனிந்து கிடந்தது. கடிதத்தை எடுத்தாள். கையை நீட்டினால் போதும், ஒரு நொடியில் கருகிவிடும். அவன் வீரன்தான், அப்பா நல்லவர்தான், அவள் இந்த வீட்டு மகள்தான், எல்லாம் அப்படியே இருக்கும். கொடுத்தாலோ? பொய் சொல்லிப் பறந்தான் என்று அவன் பேரில் எழுதுவார்கள். இந்த மடி போய்விடும். வாய்த்துடுக்கில் புருஷனைச் சாகக் கொடுத்தவள் என்ற பேச்சு அவளோடு கடைசிவரை நடந்து வரும்.

முகம் தெரியாத ஒருத்தி, வயிற்றுப் பிள்ளையோடு திங்கட்கிழமை வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று நினைத்தாள். சூடு தாங்காமல் கை தானாகப் பின்வாங்கியது. கடிதத்தோடு வெளியே வந்தாள்.

"அவுகளுக்குத் தடுமன் இருந்துச்சு அண்ணாச்சி. காது அடைச்சிருந்துச்சு. அருவி வேண்டாம்னு சொன்னாக. நாந்தான் கேலி பண்ணிக் குளிக்க வச்சேன்."

அருமைநாயகம் நின்றபடியே படித்தார். முடித்ததும் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். "ஏலே காந்தி," என்றார், எதிரில் ஆள் இருக்கிற மாதிரி, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேல."

முத்துவடிவு மருமகளைப் பார்த்தாள்.

"இத்தன நாளா நெஞ்சுல வச்சுக்கிட்டுத்தான் எம் மடியில படுத்தியாக்கும்?"

"அத்தை..."

"உங்க வீட்டு விருந்துக்கு ஒரு பிள்ளைய வாரிக் கொடுத்தேன். இப்ப அவன் பேரையும் கொண்டு கொடுத்துட்டியேட்டி. செத்தவன் வந்து ஒரு வார்த்த சொல்ல முடியுமா?" சத்தம் போடவில்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டாள்.

கடிதத்தை விசாரணைக்குக் கொண்டுபோயாக வேண்டும் என்றார் அருமைநாயகம். "நகல் எழுதித் தாரேன் தங்கச்சி" என்று, ஒரு தாளை முழங்காலில் வைத்து ஒவ்வொரு வரியாக எழுதிக் கொடுத்தார். மண்டைக்குள் குடிவந்த குற்றாலம் வரை ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார். எல்லாச் சொல்லும் இருந்தது, கை மட்டும் வேறு. குழல்வாய்மொழி அதை வாங்கிக்கொண்டாள். அன்று சாயங்காலமே அப்பாவோடு பஸ் ஏறித் தென்காசிக்கு வந்துவிட்டாள். வீட்டு வாசலுக்கு வந்த பிறகு வல்லிநாயகம், "எண்ணெய் வச்சது நானு. உம் பேர மட்டும் ஏம்மா சொன்ன?" என்று கேட்டுவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

விமானத்தின் வாலை வெட்டவில்லை. ஆவணியில் அருமைநாயகத்திடமிருந்து ஒரு கார்டு வந்தது: 'மூசா பறந்தார். அதே உயரம், அதே வேகம். பத்திரமாக இறங்கினார்.' மறுமாதம் பேப்பரில் நாலு வரி போட்டிருந்தார்கள். உடல்நலக் குறைவை விமானி மறைத்ததே விபத்துக்குக் காரணம், விமானத்தில் குறை இல்லை என்று. கடையத்தில் யாரோ அதை முத்துவடிவுக்கு வாசித்துக் காட்டினார்களாம்.

மறு ஆடியில் திதிக்குக் குழல்வாய்மொழி கடையம் போனாள். மாமியார் கதவைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடுக்களை ஓரத்தில் ஓர் இலை போட்டு, சோறு வைத்து, நிமிர்ந்து பார்க்காமல் நகர்ந்துவிட்டாள். இவள் தின்றாள், இலையை எடுத்தாள், இடத்தைத் துடைத்தாள், பஸ் ஏறினாள். முத்துவடிவு கண்மூடும் வரை வருஷா வருஷம் அப்படித்தான். உண்மையைச் சொன்னது சரிதானா என்று கேட்டுக் குழல்வாய்மொழியிடம் யாராலும் பதில் வாங்க முடிந்ததில்லை. அதனால் என்னிடமும் கேட்காதீர்கள்.

எழுந்திருங்கள், என் தங்கங்களே, வீட்டில் தேடுவார்கள். உங்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போனவர்கள் எல்லாம் சுகமாய்த் திரும்பி வரட்டும். வந்தவர்களுக்குச் சோறு சூடாக இருக்கட்டும். உள்ளதைச் சொன்னவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கிற மனசு, உங்கள் வீட்டில் ஒருவருக்காவது என்றைக்கும் இருக்கட்டும்.