எழுத்துக்கு ஒரு மருமகள்

செங்கோட்டையக் கவுண்டர் தொண்டையைச் செருமினால், மலையாள எல்லையிலுள்ள பெருமாட்டிக்குக் கிழக்கே அவர் குடியிருந்த ஊரில், உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள். எழுந்த பிறகு, அவர் சொல்ல வந்தது ஒன்றுமில்லை, சளிதான் என்று தெரிந்து மறுபடி உட்காருவார்கள். வருஷத்தில் ஒரு நாள், மாரியம்மன் நோம்பித் திருநாளன்று, அந்தத் தொண்டைக்கு மேலே இருக்கும் தலைக்கும் தனி மரியாதை உண்டு. பூசாரி அம்மன் முன்னால் பட்டுத்துணியை எடுத்து முதல் பரிவட்டத்தை அவருக்குத்தான் கட்டுவார். மிச்சமுள்ள நாட்களைக் கவுண்டர் அந்த நாளை நினைத்தே ஓட்டிக்கொண்டிருந்தார்.

நோம்பி சாட்டிக் கோயில் முன் கம்பம் நட்ட இரண்டாம் நாள், மகனிடமிருந்து கடுதாசி வந்தது. படித்து முடித்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது.

மகன் மாரப்பன் மேற்கு ஜெர்மனியில் ஒரு பெரிய தொழிற்சாலையில் கடைசல் எந்திரம் ஓட்டினான். போய் நாலு வருஷம். கூட வேலை பார்க்கும் உர்சுலா என்கிற பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறானாம். அவள் முழுகாமல் இருக்கிறாளாம், ஆனியில் பிள்ளை பிறக்குமாம். கோபித்துக்கொள்வதையெல்லாம் பிறகு நிதானமாக வைத்துக்கொள்ளலாம், இப்போது அவசரமாக ஒரு காகிதம் வேண்டும் என்று எழுதியிருந்தான். 'இங்கே கல்யாணத்தைச் சர்க்கார் ஆபீசரேதான் செய்து வைத்துப் பதிந்துகொள்வார். புரோகிதரும் கிடையாது, மேளமும் கிடையாது. ஊரில் எனக்குப் பெண்டாட்டி யாரும் இல்லை என்று நம் வில்லேஜ் ஆபீசிலிருந்து முத்திரையோடு சர்ட்டிபிகேட் வந்தால்தான் எங்கள் பேரையே எழுதுவேன் என்கிறார்.'

"ஆபீசரு கல்யாணம் பண்ணி வெக்கறானாமா! அப்ப தாலியையும் அவனே கட்டிப்போடுவானோ?" என்று கவுண்டர் மனைவியிடம் சீறினார்.

முத்தாத்தாள் முறத்தில் கொள்ளைப் புடைத்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, கட்டாத தாலியைக் கட்டுனதா நம்மூரு ஆபீசரு எழுதுலீங்களா? அதுக்கு இது தேவலைங்க."

கவுண்டர் கிணற்றுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவே நடக்க ஆரம்பித்தார்.

தொண்டை அடைத்ததற்குக் காரணம் வெள்ளைக்காரி அல்ல. வெள்ளைக்கார மருமகள் என்றால் ஊரில் ஒரு சுற்று மதிப்பு ஏறும் என்று மனதின் ஒரு மூலை அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது. சிக்கல் வேறு. சர்க்கார் எழுத்தில் மாரப்பனுக்கு ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி இருந்தாள்.

அது நில உச்சவரம்புச் சட்டம் வந்த வருஷத்துச் சமாசாரம். கல்யாணமாகாதவன் ஏழரை ஏக்கர் வைத்துக்கொள்ளலாம், குடும்பஸ்தன் என்றால் பதினைந்து, மிச்சம் சர்க்காருக்கு என்றார்கள். மாரப்பன் பேரில் கிணற்றுமேட்டுத் தோப்பு பதினைந்து ஏக்கர் இருந்தது. கவுண்டர் முதலில் சட்டத்தோடு நேருக்கு நேர் மல்லுக்கு நின்றார். ஏலக்காய்த் தோட்டத்துக்கு வரம்பு கிடையாது என்று யாரோ சொல்ல, உடும்பஞ்சோலைக்கு ஆள் அனுப்பி ஏல நாற்றுகளைக் கட்டுக்கட்டாக வரவழைத்தார். கிணற்றுமேட்டுத் தென்னந்தோப்பில் நட்டு, ஊரைக் கூட்டிச் சர்க்கரைப் பொங்கல் வைத்து, 'எஸ்டேட்' என்று பேரும் சூட்டினார். பெருமாட்டி வெயில் அந்த எஸ்டேட்டை ஒரே வாரத்தில் சருகாக்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அந்த யோசனை உதித்தது. தங்கை கருப்பாத்தாளைக் கோவிந்தாபுரத்தில் கொடுத்திருந்தார்கள். புருஷனை இழந்தவள். அவள் மகள் கமலாத்தாள் மாரப்பனுக்கு உரிமைப்பெண். அவள் தொட்டிலில் கிடந்தபோதே இன்னாருக்கு இன்னார் என்று பேசி முடித்தாகிவிட்டது. எப்படியும் ஆகப்போகிற கல்யாணத்தை ஆகிவிட்டது என்று சொன்னால் அதில் என்ன பொய் இருக்கிறது? கடலை பிடுங்குவதற்கு முன்பே வியாபாரி விலை பேசுவதில்லையா? தாலூக்கிலிருந்து விசாரிக்க வந்த அன்று, கமலாத்தாள் கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு வாசலில் நின்று அதிகாரிகளுக்கு மோர் ஊற்றினாள். பக்கத்துக் காட்டுச் சென்னியப்பன், கல்யாணப் பாயசம் திகட்டியது வரைக்கும் சாட்சி சொன்னார். தோப்பு தப்பியது. சாயங்காலம் கயிற்றைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கமலாத்தாள் கோவிந்தாபுரம் பஸ் ஏறினாள். அடுத்த மாதம் மாரப்பன் விமானம் ஏறினான்.

இப்போது கவுண்டர் கடுதாசியை மடியில் செருகிக்கொண்டு வில்லேஜ் ஆபீசுக்குப் போனார். ஆபீசர் கோவிந்தன்குட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"கவுண்டரே, ஞான் எந்தா செய்யறது? மாரப்பன் கல்யாணம் கழிஞ்ச ஆளுன்னு எழுதி ஒப்பு இட்டது இதே கை. இப்ப கழியாத ஆளுன்னு எழுதினா தாலூக்கில ஒரு சோத்தியம் வரும். அப்போ பதினஞ்சு ஏக்கர் எப்படின்னு கேப்பாங்க. பாதித் தோப்பு போகும். கூடவே என் பணியும் போகும்."

"எதுவும் போகாதபடி எழுதிக் குடுங்க."

"அப்படி எழுதற பாஷை ஞான் படிக்கலை."

கவுண்டர் எழுந்தார், உட்கார்ந்தார், குடையை வலது தொடையிலிருந்து இடது தொடைக்கு மாற்றினார். அவருடைய தவிப்பைப் பார்த்துக் கோவிந்தன்குட்டிக்கே இரக்கம் வந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வழி உண்டு. மாரப்பன்ட பாரியை, அந்தப் பெண்டாட்டி, மரிச்சுபோயின்னு வைங்க. கல்யாணம் நிசம், அதனால தோப்பும் நிசம். பாரியை இப்ப இல்லை, அதனால அவன் அங்கே வேற கெட்டலாம். ஊர்க்காரர் ஒருத்தர் சாட்சிக் கையொப்பிட்டால் ஞான் எழுதித் தரலாம்."

ஒரே ஒரு ஆளைச் சாகடித்தால் நிலமும் நிற்கும், கல்யாணமும் நடக்கும் என்பது கவுண்டருக்கு மிகவும் பிடித்திருந்தது. சட்டம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! ஆனாலும் அவர் நியாயஸ்தர். சாகப்போகிறவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் செய்யக்கூடாது என்று மறுநாளே கோவிந்தாபுரம் புறப்பட்டார். பஸ்ஸில் மூன்று இடம் மாறி உட்கார்ந்தார். எந்த இடத்திலும் வெயில் அவரையே தேடி வந்தது.

கருப்பாத்தாள் அண்ணனைப் பார்த்ததும் ஒப்பிட்டு என்கிற போளிக்கு அடுப்பில் கல்லைப் போட்டுவிட்டாள்.

"சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கறீங்கண்ணா! மாப்பளை எப்பங்க வாறான்? வைகாசில நல்ல முகூர்த்தம் இருக்குதுன்னு பேசிக்கறாங்கொ."

"ம்," என்றார் கவுண்டர். அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தார்.

சோதனைச்சாவடி டீக்கடைகளுக்குப் பால் ஊற்றிவிட்டுக் கமலாத்தாள் வெறும் பால் கேனோடு வந்தாள். மோர் ஊற்றியபோது இருந்த வெட்கம் இப்போது இல்லை. லாரிக்காரர்களிடம் தினம் பேச்சுக்குப் பேச்சு கொடுத்துப் பழகிய வாய்.

"வாங்க மாமா. உக்காருங்க. நீங்க இப்பிடி நடந்துட்டே இருந்தா எங்க எருமை பால் எறக்காது."

"கண்ணு, ஒரு சின்னக் காரியம். எழுத்துல மட்டுந்தான்."

"போன தடவையும் எழுத்துல மட்டுந்தான்னீங்க."

கவுண்டர் சொன்னார். ஜெர்மனி, உர்சுலா, ஆனி மாதம், தோப்பு, கடைசியில் சாவு. எல்லாவற்றையும் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். கருப்பாத்தாள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "அண்ணா..." என்றாள். ஒப்பிட்டு கருகியது. கமலாத்தாள்தான் கல்லை இறக்கி வைத்தாள்.

"எதுல மாமா செத்தேன்?"

"என்ன கண்ணு?"

"சீக்குல செத்தனா, கெணத்துல உழுந்து செத்தனா? கெணறுன்னா, ஏன் உழுந்தாள்னு போலீசு கேக்கும்."

"காச்சல்னு வெச்சுக்கலாம்."

"மருமவ காச்சல்ல கெடந்தாளே, மாமன் ஒரு டாக்டருகிட்டக் கூட்டீட்டுப் போகலையான்னு ஊரு கேக்குமுங்க. உங்க மருவாதைக்குத்தான் சொல்றேன்."

"அதெல்லாம் எவன் கேக்கறான்!"

"கேக்கறாங்க மாமா. என்னைக் கேட்டு வந்த ரண்டு பேரும், சர்க்காரு எழுத்துல இன்னொருத்தன் பொண்டாட்டியாமேன்னு சொல்லி, ஒப்பிட்டைத் தின்னுபோட்டு எந்திரிச்சுப் போனாங்க. ஒரு வேளை மோரு ஊத்துனதுக்கு நாலு வருசம் வாழ்ந்தாச்சு. இப்பச் செத்தும் போகோணும். சரீங்க, செத்துக்கறேன்."

கவுண்டருக்குப் போன உயிர் வந்தது. "தங்கமான புள்ளை!"

"ஆனா மொறையாச் செஞ்சுபோடுங்க மாமா. உங்கூர்ல கம்பம் நட்டாச்சல்லங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கேனைக் கழுவப் போய்விட்டாள்.

கம்பத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தார். விளங்கவில்லை. ஊர் வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகச் சென்னியப்பனின் காட்டுக்குப் போனார். கல்யாணத்துக்குச் சாட்சி சொன்னவரே சாவுக்கும் சொல்வதுதானே பொருத்தம்?

பம்புசெட் தொட்டியில் கால் கழுவிக்கொண்டிருந்த சென்னியப்பன் முழுதும் கேட்டார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாவமுங்க. மோரு குடுத்த கையி! ஒப்புத்தானுங்க, காயிதத்தைக் குடுங்க, இப்பவே போட்டுத் தாறேன்."

இவ்வளவு சுலபமாகக் காரியம் முடிந்தது கவுண்டருக்கே என்னவோ போல் இருந்தது.

"அப்ப இந்த வருசம் பரிவட்டம் எங்களுக்குங்களா?" என்றார் சென்னியப்பன்.

"எதுக்கு?"

"மருமவ செத்த ஊட்டுக்குத் தீட்டல்லங்க? தீட்டுக்காரரு கோயல்படி மிதிக்கக் கூடாதுங்களே. உங்க குலத்துக்கு இல்லீன்னா அடுத்த கூட்டத்துக்குத்தான். அடுத்த கூட்டம் நாங்கதானுங்க."

"யோவ், அவ செத்தது எழுத்துலய்யா! கோவிந்தாபுரத்துல பால் ஊத்தீட்டு இருக்கறா!"

"எழுத்துலன்னாலும் ஒப்புப் போடறவன் நானுங்க. செத்துட்டாள்னு நானே கையெழுத்துப் போட்டுப்போட்டு, நாளைக்கு ஆத்தா முன்னால நீங்க துணி கட்டறதைப் பாத்துட்டு நிக்க முடியுங்களா? ஊரைக் கூட்டிச் சொல்லிப்போடுவனுங்க."

"அது பொய்யின்னு உனக்குத் தெரியுமல்ல!"

"பொய்யின்னா ஒப்பு எதுக்குங்க?"

வேறு யாரிடமாவது கையெழுத்து வாங்கலாம்தான். ஆனால் சென்னியப்பனின் காதில் விழுந்துவிட்டதே. கம்பத்தைப் பற்றி அந்தப் புள்ளை கேட்டது ஏன் என்று கவுண்டருக்கு அப்போது விளங்கியது. பால் கேன் கழுவுகிற சத்தம் காதில் கேட்பது போலவே இருந்தது.

மறுநாள் பகல் முழுவதும் அவர் ஓரிடத்தில் நிற்கவில்லை. தோப்புக்குப் போனார். ஒவ்வொரு மரமாகத் தட்டிப் பார்த்தார். எல்லாமே அவர் நட்ட மரங்கள். எதைத் தட்டினாலும் எடுத்துக்கொள் என்று சொல்ல மனம் வரவில்லை. கோயிலுக்குப் போனார். கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிய பெண்கள் விலகி வழிவிட்டார்கள். அடுத்த வருஷம் சென்னியப்பனுக்கும் இப்படி விலகுவார்களோ என்று தோன்றியதும் கும்பிடாமலே திரும்பினார். ஒரு தடவை பரிவட்டம் கைமாறினால் திரும்பி வருமா? வீட்டுக்கு வந்து, கண்ணாடி முன்னால் நின்று, துண்டை எடுத்துத் தலையில் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க, தலைவலிங்களா? சுக்கு அரைச்சுப் போடட்டுங்களா?" என்றாள் முத்தாத்தாள்.

கவுண்டர் துண்டை அவிழ்த்தார்.

"தோப்பு போனாப் போகுதுங்க," என்றாள் அவளே. "வாற பேரனுக்கு அப்பன் பேரு வேண்டாமுங்களா? அந்தப் புள்ளையும் நல்ல எடமாப் பாத்துக் கட்டிக்கட்டும். எத்தன நாளைக்கு அவளை ஆணில மாட்டி வெச்சிருப்பீங்க?"

"அதைத்தான் நானும் நெனச்சுட்டு இருந்தேன்," என்றார் கவுண்டர்.

வில்லேஜ் ஆபீசில் அவர் நின்றபடியே பேசினார். உட்கார்ந்து பேசுகிற விஷயமல்ல.

"எழுதுங்க. என்ற மகனுக்குக் கல்யாணமே ஆகலைன்னு எழுதுங்க. சத்தியம்னு ஒண்ணு இருக்குதல்ல."

கோவிந்தன்குட்டி பேனாவைத் திறக்கவில்லை. "தோப்பு?"

"மண்ணுதானேய்யா!" என்றார் கவுண்டர். 'மண்ணு' என்ற இடத்தில் குரல் உடைந்தது. செருமிச் சரிசெய்துகொண்டார். ஆபீசில் இருந்த இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

"அன்னைக்கு வீட்டுக்காரர் தெற்றா, தப்பாச் சொல்லியதுன்னு ஞான் ஒரு வரி சேர்த்தெழுதும். என் பணி இருக்கணுமல்லோ," என்றார் கோவிந்தன்குட்டி. சத்தியத்துக்கு அந்த வரியும் தேவைப்பட்டது.

காகிதம் ரிஜிஸ்டர் தபாலில் ஜெர்மனிக்குப் போனது. அதன் நகல் தாலூக்குக்குப் போனது. நகலுக்குப் பயணத் தூரம் குறைவு. நோம்பிக்கு முந்தின நாளே சங்கிலியோடு அளக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். கிணற்றுமேட்டில் பாதித் தோப்புக்குக் குறுக்கே வெள்ளையடித்த கல் நட்டார்கள். எஸ்டேட்டாக இருந்த பக்கம்தான் போயிற்று.

நோம்பியன்று பூசாரி பட்டுத்துணியை விரித்து, மடித்து, கவுண்டரின் தலையில் இறுகக் கட்டினார். பறை முழங்கியது. அடுத்த வரிசையில் கை கட்டி நின்ற சென்னியப்பன் கல் போல் பார்த்துக்கொண்டிருந்தார். கவுண்டர் அம்மனைப் பார்க்க வேண்டிய நேரம் அது. அவர் பார்வை அம்மனைத் தாண்டி, மதிலைத் தாண்டி, மரத்தலைகள் தெரிந்த கிழக்குப் பக்கம் போய்ப் போய் வந்தது. துணி நெற்றியில் அரித்தது. அந்த நேரத்தில் சொறியக் கூடாது.

கும்பிட்டு முடித்த கூட்டத்திலிருந்து கருப்பாத்தாளும் கமலாத்தாளும் வந்தார்கள். தங்கை அண்ணனைப் பார்க்கவில்லை. திருநீற்றை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். கமலாத்தாள் நின்றாள். வெறுங்கழுத்தில் புதிதாக ஒரு பாசிமணி.

"மாமா, துணி எடுப்பா இருக்குதுங்க."

"ம்."

"எத்தனை ஏக்கராங்க? ஏழரையா?"

கவுண்டர் தொண்டையைச் செருமினார். யாரும் எழுந்திருக்கவில்லை. கோயிலில் எல்லோரும் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.