கிருமி வந்த வழி

என் கிட்னி ஒன்றை வீட்டுக்காரருக்குக் கொடுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவர் பெயர் செல்லச்சாமி, போலீஸ் ஏட்டு. ஆனியில் சாரல் இறங்கியதும் அவருக்குக் காய்ச்சலும் வந்தது. தென்காசி லேபில் ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். சி.எம்.வி. என்றொரு கிருமியாம். ரத்தத்தில் அதன் டி.என்.ஏ.வை எண்ணிப் பார்த்ததில் எண்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. இறங்காவிட்டால் புதுக் கிட்னியும் போய்விடும் என்றார் டாக்டர்.

"எங்கன போயி இதை வாங்கிட்டு வந்தீய?" என்று கேட்டேன்.

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஐந்தருவியில ஒரு நா நனைஞ்சுட்டேன் வள்ளி. கோவிச்சுக்கிடாத."

கோவிக்காமல் கொஞ்சுவார்களா? வயிற்றைக் கிழித்துக் கொடுத்தவள் நான். கிருமி தொற்றிவிடும், அருவிப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் சொல்லி அனுப்பிய மனுஷன் அவர். மூன்று வாரம் வறுத்தெடுத்தேன். ஊரையே அதட்டிய ஆள், மாத்திரையை விழுங்கிவிட்டு "சரி தாயி" என்பதோடு சரி. வாராவாரம் ரத்தம் கொடுத்தார். எண்பதாயிரம் ஒன்பதாயிரமானது, பிறகு அறுநூறு. எனக்கு மட்டும் ஆத்திரம் ஆறவில்லை.

நாலாவது வாரம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ரிசல்ட் வாங்க நானே போனேன். லேபில் வேலை பார்க்கும் உமாராணி தாளைப் பார்த்துச் சிரித்தாள். "கிருமி தட்டுப்படலக்கா. கிட்னி தப்பிச்சுட்டு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இனிமே அந்த மனுசன் அருவிப் பக்கம் போகட்டும், காலை ஒடிக்கேன்."

"அருவியா? இது அருவித் தண்ணியில வாரது இல்லக்கா. நம்மள்ல முக்காவாசிப் பேரு உடம்புல சும்மா கெடக்கும்." ஃபைலைப் புரட்டி ஒரு இங்கிலீஷ் தாளில் விரல் வைத்தாள். "ஆபரேஷனுக்கு முந்துன டெஸ்ட்டு. உங்களுக்கு இருந்துருக்கு, அண்ணனுக்கு இல்ல. கிட்னியோட போயிருக்கும். மொத ரிசல்ட்டு அன்னைக்கே அண்ணன் எங்கிட்ட விவரம் கேட்டுட்டுப் போனாவள்லா."

ஆபரேஷன் பயத்தில் டாக்டர் சொன்ன எதையும் நான் அப்போது காதில் வாங்கியிருக்கவில்லை.

வீட்டு வாசலில் மாஸ்க்கோடு நின்றார். "எவ்வளவுட்டி?"

"ஒண்ணுமில்ல. போயிட்டு." செருப்பைக் கழற்றிவிட்டு, "அருவிக்கு எப்பம் போனீய?" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. "என்னையத் திட்டுனா நான் தாங்கிக்கிடுவேன். உன்னையவே நீ திட்ட ஆரம்பிச்சா, எங்கன போயி நிறுத்துவேன்?"

பாவி மனுஷன் மேல் அப்படியொரு பிரியம் பொங்கிவந்தது. சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"மூஞ்சிய அந்தப் பக்கம் வச்சு அழுட்டி," என்றார். "இன்னொரு கிருமியக் குடுத்துராத."